படத்துக்கு முன்னால் வைத்த கடிதம்

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அஜந்தாவின் கைத்தொலைபேசி சட்டைப்பைக்குள் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. மருத்துவமனையில் எண்பது வயதுக் கிழவர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் கிழவரைப் பிடித்திருந்தன. மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் முறை அதிர்ந்தபோது கிழவரே பிரெஞ்சில் சொன்னார்: "எடு, எடு. யாரோ உன்னைக் கலியாணம் கேட்கிறான்."

அழைத்தது, சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு அலுவலகம். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அங்கே கையெழுத்து. அதோடு மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில், மருத்துவமனையிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருக்கும் ஒரு டெப்பனர் கடை அஜந்தாவுக்குச் சொந்தமாகிவிடும். பால், பாண், பியர், சிகரெட் விற்கும் மூலைக்கடை. வாரநாளில் மருத்துவமனை, சனி ஞாயிறில் அந்தக் கடையின் கல்லாப்பெட்டி என்று பதினொரு வருடம் ஓட்டியவர் அவர். கடைக்காரர் லூசியனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. "நீ வாங்கு, இல்லாவிட்டால் புகைக்குழாய் விற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று ஆடியில் சொன்னார். ஐப்பசிக்குள் அஜந்தா வங்கிக் கடனைச் சரிக்கட்டி, முற்பணத்தைச் சேர்த்து, தேதியும் வாங்கிவிட்டார்.

"ஒரு சிக்கல்," என்றாள் தொலைபேசியில் இருந்த பெண். "உங்கள் பெயரில் நகரசபைக்குப் பழைய வரிக் கடன் ஒன்று இருக்கிறது. ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது டொலர். நீதிமன்றத் தீர்ப்பும் ஆகிவிட்டது. அதைக் கட்டிய பற்றுச்சீட்டு வராமல் வங்கி கடனை விடாது."

"வீட்டு வரியா? எனக்கு வீடே இல்லையே!"

"இருந்திருக்கிறது. மூன்று பேர் பெயரில். முதல் பெயர் பேனாட்."

அஜந்தா சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முற்பணம் போக அவருடைய கணக்கில் இருந்தது ஆயிரத்து நானூறு டொலர். கையெழுத்துக்கு ஐம்பது மணி நேரம்தான். லூசியன் தேதியைத் தள்ள மாட்டார். புகைக்குழாய்க்காரன் தினமும் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2014இல் தனியாக வங்கிக்குப் போனால் ஒருவருக்கும் கடன் கிடைக்காத மூன்று பேர் சேர்ந்து வாங்கிய இரட்டைமாடி வீடு அது. மேல்மாடியில் மன்னாரிலிருந்து வந்த பேனாட், மனைவி அல்போன்சம்மா, மகள் ஷெரோன். கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து ஜெராட்டின் குடும்பம். பேஸ்மென்ற்றில் அஜந்தா தனியாக. ஏன் கலியாணம் செய்யவில்லை என்று யாராவது கேட்டால் "நேரமில்லை" என்பார். பொய் இல்லை. வந்த புதிதில் ஹோட்டல் சலவை அறை, பிறகு மருத்துவமனை, பிறகு கடை. அவருடைய மணிக்கூட்டில் இடைவெளியே இருந்ததில்லை.

தண்ணீரும் மின்சாரமும் அவரவருக்கு. ஆனால் நகரசபை வரி முழு வீட்டுக்கும் ஒரே பில். அதை மூன்றாகப் பிரிக்க அவர்கள் விரும்பவில்லை. முறை வைத்தார்கள். 2015இல் பேனாட், அடுத்த வருடம் ஜெராட், அதற்கடுத்த வருடம் அஜந்தா. முறைக்காரர் முழு வரியையும் கட்டுவார். "கட்டியாச்சோ?" என்று மற்றவர் கேட்பதில்லை, கேட்டால் மரியாதையில்லை. ஆறு வருடம் இது பிசகாமல் ஓடியது.

2021 ஜனவரியில் வீட்டை விற்றார்கள். மொன்றியலில் எல்லோரும் வீடு மாறுவது ஜூலை முதலாம் தேதி என்பதால், அதுவரை வாடகைக்கு அங்கேயே இருக்கப் புதிய சொந்தக்காரர் சம்மதித்தார். பெப்ரவரியில், பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில், பேனாட் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு ஐம்பத்தொன்பது.

அந்த வீட்டுக்குத் தபால்பெட்டி ஒன்றுதான். காலை வேலை முடித்து வரும் அஜந்தாதான் பெட்டியைத் திறப்பார். இறந்து எட்டாம் நாள் பேனாட்டின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அல்போன்சம்மாவின் கையில் கொடுத்தால் அழுவார். பிரிப்பது முறையில்லை. எறியவும் முடியாது. அஜந்தா மேலே ஏறிப்போய், மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்த பேனாட்டின் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு வந்தார். அடுத்த கடிதத்தை ஜெராட் வைத்தார். யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, அது வழக்கமாகிவிட்டது. ஜூலையில் மூன்று குடும்பமும் மூன்று பக்கம் பிரிந்தபோது, அல்போன்சம்மா படத்தையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மகளோடு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட் போனார்.

இப்போது மருத்துவமனைக் கூடத்தில் நின்றபடி, ஜன்னல் வைத்த நீளமான ஒரு கடித உறை அஜந்தாவின் நினைவுக்கு வந்தது. 2021 ஏப்ரல். வைத்த கை அவருடையது.

மதிய இடைவேளையில் ஜெராட்டை அழைத்தார். ஜெராட் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்தின் விவசாயப் பண்ணையில் வேலை செய்கிறார்.

"ஜெராட் அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"மாட்டுக்குப் பக்கத்தில. சொல்லு."

சொன்னார். மறுமுனையில் மாடுதான் முதலில் கத்தியது.

"ஆறாயிரமோ! விசரே அவங்களுக்கு? அந்த வருசம் பேனாட் அண்ணையின்ர முறையெல்லோ?"

"அதுதானே அண்ணை பிரச்சினை."

"அப்ப அல்போன்சக்காவைக் கேள்."

"நீங்கள் கேளுங்கோ."

"எனக்கு மாடு காத்துக்கொண்டு நிக்குது."

"அண்ணை!"

"சரி, சரி. செத்த வீட்டில போய்க் காசு கேக்கிறதே? நாங்கள் ரெண்டு பேரும் பிரிச்சுக் கட்டுவம். கிறிஸ்மசுக்கு முன்னம் ஏதும் செய்யலாம்."

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முன்னம் கட்டவேணும்."

"எந்த வெள்ளி?"

"நாளையிண்டைக்கு."

மாட்டுச் சத்தம் தூரப் போனது, ஜெராட் தொழுவத்துக்கு வெளியே வந்துவிட்டார். பிறகு சொன்னார்: "என்னட்ட மூவாயிரம் இல்லை அஜந்தா. உள்ளதைச் சொல்லுறன். ஆனா ஒண்டு, கடிதத்தைக் கண்ணால பாக்காமல் ஒரு சதமும் கட்டாதை. அவங்களும் பிழை விடுவாங்கள். அந்தக் கடிதம் அக்காட்டத்தான் இருக்கும். காசைப் பற்றி மூச்சு விடாமல் அதை மட்டும் வேண்டிக்கொண்டு வா."

நல்ல திட்டம் என்று இருவரும் நினைத்தார்கள்.

மூன்றரைக்கு வேலை முடித்து, மெற்றோ பிடித்து, ஆற்றைக் கடந்து போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தார் அஜந்தா. பயந்து நடுங்கியிருக்க வேண்டிய பயணம். ஆனால் ரயில் ஆற்றுக்கு மேல் வந்ததும் அவர் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அதில் கடையின் வரைபடம். பியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சூடான மீன் றோல்ஸுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. இரவு வேலைக்குப் போகும் துப்புரவுக்காரருக்கு ஐந்து மணிக்கே கோப்பி. மாணவருக்கு அரைக் கிலோ அரிசிப் பொதி. அவர்களிடம் பெரிய மூட்டை வைக்க இடமில்லை என்பது பேஸ்மென்ற்றில் ஏழு வருடம் இருந்த அவருக்குத் தெரியும். கடன் நினைவு வரும்போதெல்லாம் இன்னொரு தட்டு வரைந்தார். புரோசார்ட் வருவதற்குள் கடையில் நடக்க வழியில்லாமல் போய்விட்டது.

கதவைத் திறந்த அல்போன்சம்மாவுக்கு அறுபத்தொரு வயது. ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், எழுபது குழந்தைகளுக்குச் சமைக்கிறார். இன்னும் ஏப்ரனைக் கழற்றவில்லை.

"என்ன பிள்ளை, கிழமை நாளில? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா."

"அப்ப இருந்து சாப்பிடு."

சாப்பிட்டார். ஷெரோன் வேலையால் வந்தாள். மருந்துக்கடையில் வேலை, தமிழை விடப் பிரெஞ்சு சுலபம். மூன்றாவது இடியப்பத்தில் அஜந்தா தொடங்கினார்.

"அக்கா, அந்தப் பழைய வீட்டுக் கடிதம் ஒண்டு தேவைப்படுது. பேனாட் அண்ணையின்ர பேருக்கு வந்தது. சும்மா, ஒரு பதிவுக்கு."

"மூக்கைத் தொடாமல் சொல்லு."

"என்ன?"

"நீ பொய் சொல்லேக்க மூக்கைத் தொடுறனி. ஏழு வருசம் ஒரே வீட்டில இருந்தனான்."

அஜந்தா கையை மேசைக்குக் கீழே இறக்கினார். அல்போன்சம்மா எழுந்துபோய்ப் படத்தட்டிலிருந்து ஒரு நீலப் பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார். இறுக்கமாக அடுக்கிய கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பழைய வீட்டிலிருந்து வந்தவை, அதன்பின் தபால் கந்தோருக்குக் காசு கட்டிப் புரோசார்ட்டுக்குத் திருப்பிவிட்டவை, எல்லாம்.

"நீங்கள் வைச்சியள். நானும் வைச்சன்," என்றார். "ஷெரோன், கத்தி எடு."

"மம்மா, நிச்சயமா?"

"எடு எண்டுறன்."

ஷெரோன் ஒவ்வொன்றாகப் பிளந்து பிரெஞ்சை வாசித்தாள். காது கேட்கும் கருவிக்குத் தள்ளுபடி. நூலகத்தில் திருப்பித் தராத ஒரு புத்தகம். பல் வைத்தியர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, "திரு பேனாட், உங்கள் பற்களை மறந்துவிடாதீர்கள்" என்று ஏழு தடவை. ஏழாவதை வாசித்தபோது அல்போன்சம்மா சிரித்துவிட்டார். "உயிரோட இருக்கேக்கையே அந்தாள் பல்லு மினுக்கப் பஞ்சி." அஜந்தாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு அந்த நீளமான உறை வந்தது. மூலையில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது.

ஷெரோன் வாசித்தாள். பேஸ்மென்ற்றை நகரசபை தனி வீடாகப் பதிந்ததால், விற்பதற்கு முந்திய இரண்டு வருடங்களுக்கு மேலதிக வரி. மூவாயிரத்து நானூற்று அறுபது டொலர். முப்பது நாளில் கட்ட வேண்டும். அதற்குப் பின்னால் நினைவூட்டல்கள், அபராதம், வட்டி, கடைசியில் நீதிமன்றம். மூன்று சொந்தக்காரரில் யாரையும் முழுத் தொகைக்கும் பிடிக்கலாம்.

"இப்ப எவ்வளவு?" என்றார் அல்போன்சம்மா.

இனி மூக்கைத் தொட்டுப் பயனில்லை. அஜந்தா எல்லாவற்றையும் சொன்னார்: கடை, வெள்ளிக்கிழமை, ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜெராட்டோடு போட்ட திட்டம். "நாங்கள் ரெண்டு பேரும் எப்பிடியும் சமாளிப்பம் அக்கா. உங்களைக் கரைச்சல் படுத்தக்கூடாது எண்டு—"

"ஆர் உங்களைக் கேட்டது?"

ஷெரோன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலரை வருசமா ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. சீட்டுக் கட்டுறதுக்குக் கேக்கேல்லை. கோயில் பெருநாளுக்குக் கணக்குப் பாக்கிறதுக்குக் கேக்கேல்லை. கலியாண வீட்டில ஒரு தட்டுத் தூக்கிறதுக்கும் கேக்கேல்லை. ஐயோ பாவம், ஐயோ பாவம். செத்தது அவர். நான் சாகேல்லை பிள்ளை. எழுபது பிள்ளையளுக்கு நாளாந்தம் சமைக்கிறன். என்ர வீட்டு முறையைக் கட்ட எனக்கு ஏலாதோ?"

"அது நான் இருந்த பேஸ்மென்ற்றால வந்த வரி அக்கா. நியாயமாப் பாத்தா நான்தான்—"

"நீ 2017இல வரி கட்டேக்க எங்கட மேல்மாடிக்கும் சேத்துத்தானே கட்டினனி? அப்ப நான் உனக்குத் திருப்பித் தந்தனானோ? முறை எண்டா முறை." அவர் கடித உறையைத் திருப்பி அதன் முதுகில் எழுதத் தொடங்கினார். "முதல் மூவாயிரத்து நானூற்று அறுபது, அது எங்கட முறை, நான் கட்டுறன். மிச்சம் வட்டியும் அபராதமும். ரெண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. அது கடிதத்தை மெழுகுதிரிக்குப் பக்கத்தில வைச்ச ரெண்டு புத்திசாலியளுக்கும்."

"மம்மா," என்றாள் ஷெரோன், "பிறகு பேணிக்குள்ள வைச்சது நீங்கள்."

"நான் மூடி போட்டுப் பத்திரமா வைச்சனான். ஒண்டு துலைஞ்சதோ?"

ஆயிரத்து இருநூற்று அறுபது. அஜந்தாவிடம் ஆயிரத்து நானூறு இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அல்போன்சம்மா அப்போதே ஜெராட்டை அழைத்தார். தொலைபேசிக்கு வெளியேயும் ஜெராட்டின் குரல் கேட்டது: "வட்டி எனக்கோ அக்கா?"

"அப்ப முதலையும் கட்டுறியோ?"

"ஐயோ வேண்டாம். வட்டியே காணும், போதும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அஜந்தாவும் அல்போன்சம்மாவும் நகரசபைக் கட்டண அலுவலகத்தில் இருந்தார்கள். கூடம் நிரம்பியிருந்தது. பாதசாரிக் கடவையில் வண்டி நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள், நாய்க்கு அனுமதி எடுக்க நாயோடு வந்தவர்கள், பில்லைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கும் கிழவர்கள். இவர்களுடைய இலக்கம் ஐம்பத்தேழு. திரையில் முப்பத்தொன்று. அல்போன்சம்மா முதல்நாளே வங்கிக்குப் போய் நகரசபையின் பெயருக்கு உறுதிக் காசோலை எடுத்து, அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அஜந்தாவிடம் வங்கி அட்டை. ஜெராட் மட்டும் இல்லை.

"நாற்பதாம் நெடுஞ்சாலையில நிக்கிறன்," என்றார் தொலைபேசியில். "ஒரு லொறி பிரண்டு கிடக்கு. வாறன், வாறன்."

நாற்பத்தைந்து. ஐம்பது. பத்தரை ஆகிவிட்டது. கட்டணம் மூன்றாகப் பிரிந்து வரலாம், ஆனால் ஒரே முறையில் முடிய வேண்டும் என்று விசாரணை மேசையில் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பான கடனுக்குப் பாதிப் பற்றுச்சீட்டு கிடையாது.

ஐம்பத்தேழு.

அஜந்தா எழுந்து நின்றார். கதவைப் பார்த்தார். அல்போன்சம்மா பக்கத்தில் இருந்த மாணவியின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அறுபது. "நீங்கள் போங்கோ," என்று அவளுடைய சீட்டை வாங்கிக்கொண்டு தன் சீட்டை நீட்டினார், முகம் நிறையச் சிரிப்போடு. மாணவி "மெர்சி, மெர்சி" என்று ஓடினாள். அறுபது வந்தபோது அதை நாய்க்காரரிடம் கொடுத்து அறுபத்தாறை வாங்கினார். அறுபத்தாறு வந்தபோது எழுபத்தொன்று. கூடத்தில் செய்தி பரவிவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து வந்து தன் இலக்கத்தைக் காட்டினாள். இரண்டு கிழவர்கள் தங்களில் யார் முதலில் என்று வாதிட்டார்கள்.

"அக்கா, நீங்கள் இஞ்ச ஒரு சீட்டுப் பிடிக்கிறியள்."

"நல்ல சீட்டு. எல்லாருக்கும் முந்திக் கிடைக்குது, எங்களைத் தவிர."

பதினொன்று நாற்பதுக்குக் கதவு தள்ளித் திறந்தது. ஜெராட் ரப்பர் சப்பாத்தோடு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் மாட்டுத் தொழுவத்தின் வாசம் வந்தது. கூடம் தானாக வழி விட்டது.

"எண்பத்திரண்டு!" என்றார் அல்போன்சம்மா. "ஓடு!"

கருமபீடத்துப் பெண் ஒரு காசோலையையும் இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். பிறகு மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு சப்பாத்தைப் பார்த்தாள். "ஒரே குடும்பமா?"

"ஒரே வீடு," என்றார் அஜந்தா.

காசோலை போனது. அஜந்தாவின் அட்டை சம்மதித்தது. ஜெராட்டின் அட்டை யோசித்தது, ஜெராட் சிலுவை போட்டுக்கொண்டார், சம்மதித்தது. அச்சியந்திரம் கரகரவென்று பற்றுச்சீட்டைத் தள்ளியது. மீதி: பூச்சியம். அஜந்தா அதை இரண்டு கையாலும் வாங்கினார். பதினொன்று ஐம்பத்தாறு.

ஜெராட்டின் வண்டியில், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு, நொத்தாரிசு அலுவலகத்துக்குப் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மணிக்கு லூசியன் தடி ஊன்றி வந்தார். ஒன்று இருபதுக்கு அஜந்தா பதினான்கு இடங்களில் கையெழுத்து வைத்து முடித்தார். ஒன்பதாவது கையெழுத்து அவருடைய கையெழுத்துப்போலவே இல்லை என்று பிறகு சொன்னார்.

இரண்டு மணிக்குக் கடை. லூசியன் கடைக் கதவின் திறப்புக் கோர்வையைக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்துக்குப் போய் நின்றார். கல்லாவுக்குப் பின்னால் காலியானது, பதினொரு வருடமாக அஜந்தா நின்ற அதே இடம். அஜந்தா இன்று அங்கே போய் நிற்குமுன் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்.

"முதல் வியாபாரம்," என்றார் ஜெராட். "ஆர்?"

அல்போன்சம்மா கதவுப் பக்கம் விலகினார். "நீ ஏதும் சாமான் வேண்டு ஜெராட். முதல் கை உன்ரயா இருக்கட்டும். நான்—" முடிக்கவில்லை. சொல்லத் தேவையில்லை. கைம்பெண் முதல் காசு கொடுப்பதை விரும்பாதவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

"ஜெராட் அண்ணை அங்கால போங்கோ," என்றார் அஜந்தா. "அக்கா, இண்டைக்கு உங்கட முறை."

அல்போன்சம்மா கொஞ்சம் நின்றார். பிறகு கடைக்குள் நடந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கார்டெரிக்குச் சாமான் வாங்குகிறவரைப்போல அவசரமில்லாமல், விலைகளைச் சரிபார்த்து. கடைசியில் ஒரு பெட்டி மெழுகுதிரியைக் கொண்டுவந்து வைத்தார்.

"படத்துக்கோ அக்கா?"

"ஓம். இனி அங்க மெழுகுதிரி மட்டும்தான். கடிதமெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு."

"காசு வேண்டாம் அக்கா."

"விசர்க்கதை கதையாதை. பிடி." ஐந்து டொலர்த் தாளை நீட்டினார்.

அஜந்தா பொத்தானை அழுத்தினார். கல்லாப்பெட்டி மணியடித்துத் திறந்தது. எத்தனை ஆயிரம் தடவை கேட்ட மணி. மீதியை எண்ணி அல்போன்சம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் ஒவ்வொரு நாணயமாக விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அஞ்சு சதம் குறையுது முதலாளி."